வகுப்புக்கு வருவதா, இணைப்பில் சேர்வதா, பதிவைப் பார்ப்பதா: முடிவை மாணவரிடமே விட்டுவிடலாமா?

கேள்வி: வணிகவியல் ஆசிரியை, சைதாப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் இரண்டாம் ஷிப்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக அடக்கவிலைக் கணக்கியல் நடத்தி வருகிறேன். எங்கள் வகுப்புகள் பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கி மாலை ஆறரை மணிக்கு முடியும். மாணவர்களில் பெரும்பாலோர் காலையில் மருந்துக் கடையிலோ கூரியர் அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, மதிய உணவை ரயிலிலேயே முடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள். பொன்னேரியிலிருந்து வருகிறவர் உண்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவர் உண்டு. பலர் தம் வீட்டின் முதல் பட்டதாரிகள்.

சென்ற செமஸ்டரில் எங்கள் துறை ஒரு சோதனை முயற்சி செய்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் மாணவர் நேரில் வரலாம், அதே நேரத்தில் கூகுள் மீட் வழியாகச் சேரலாம், அல்லது பதிவை 48 மணி நேரத்துக்குள் பார்த்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பலாம். மூன்றில் எதைச் செய்தாலும் வருகைப்பதிவு உண்டு. யாரிடமும் காரணம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தோம். வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று நான்தான் துறைக் கூட்டத்தில் வலியுறுத்திப் பேசினேன்.

முதல் வாரம் 58 பேரில் 41 பேர் நேரில் வந்தார்கள். பத்தாம் வாரத்தில் 17 பேர் வந்தார்கள். இந்தக் குறைவு எனக்கு வருத்தமளிக்கவில்லை, ஏனெனில் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அகமதிப்பீட்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திய இரவில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

கேள்வி எளிமையானது. ஒரு செயல்முறையில் 1,000 அலகுகள் உட்செலுத்தப்படுகின்றன, மொத்தச் செலவு 18,900 ரூபாய். இயல்பு இழப்பு, அதாவது எப்படியும் வீணாகும் என்று முன்பே எதிர்பார்ப்பது, பத்து விழுக்காடு, கழிவு அலகு ஒன்று 9 ரூபாய்க்கு விற்கும். உண்மையில் கிடைத்த உற்பத்தி 880 அலகுகள். அப்படியானால் எதிர்பார்த்ததற்கு மேல் வீணான அசாதாரண இழப்பின் மதிப்பு என்ன? இயல்பு இழப்பான 100 அலகுகளின் கழிவு மதிப்பு 900 ரூபாயைக் கழித்து, மீதி 18,000 ரூபாயை 900 அலகுகளால் வகுத்தால் அலகுக்கு 20 ரூபாய் வரும். அசாதாரண இழப்பு 20 அலகுகள், ஆகவே 400 ரூபாய். பதிவை மட்டும் பார்த்து வந்தவர்களில் பெரும்பாலோர் 18,900-ஐ 1,000-ஆல் வகுத்து அலகுக்கு 18.90 என்று எழுதியிருந்தார்கள்.

இது புதிய பிழை அன்று. ஆண்டுதோறும் வகுப்பில் பாதிப் பேர் முதல் முறை இப்படித்தான் வகுப்பார்கள். ஆனால் நேர்வகுப்பில் அந்த 18.90-ஐ எழுதியவுடன் அடுத்த வரிக்குப் போக முடியாமல் பேனா நிற்கும், தலை நிமிரும், பக்கத்து நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்ப்பார்கள். அந்த நிமிர்ந்த தலைகளைப் பார்த்துத்தான் நான் பாடத்தை நிறுத்தி, "இயல்பு இழப்பின் செலவை யார் தலையில் கட்டுவது?" என்று கேட்பேன். எதிரே முகங்கள் இல்லாதபோது அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை என்பதை, என் பதிவைத் திரும்பப் பார்த்தபோது கண்டுகொண்டேன்.

இந்த செமஸ்டரில் இந்த முறையைத் தொடர்வதா, மாற்றுவதா என்று அடுத்த வாரம் முடிவு செய்ய வேண்டும். கட்டாய வருகைக்குத் திரும்பினால் காலை வேலையை விட முடியாத பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். இப்படியே தொடர்ந்தால் அவர்கள் பட்டம் வாங்கியும் கணக்கு தெரியாதவர்களாகப் போவார்களோ என்றும் அஞ்சுகிறேன். இந்த முறையில் படித்தவர்களும் நடத்தியவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன். மாணவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

மறுமொழி: இறுதியாண்டு மாணவர், ஆவடி

வணக்கம் மேடம். நான் உங்கள் கல்லூரி அல்ல, ஆனால் உங்கள் மாணவர்களைப் போன்றவன்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் இரவுப் பணி செய்கிறேன். காலை ஆறு மணிக்குப் பணி முடிந்து வீடு வந்து படுத்தால் பத்தரைக்கு எழுந்தாக வேண்டும். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, பார்க் நிலையத்தில் தாம்பரம் வண்டியைப் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போனால்தான் பிற்பகல் வகுப்பு கிடைக்கும். ஒரு வழிப் பயணமே ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் கல்லூரி சென்ற ஆண்டு நீங்கள் சொல்வதைப் போன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்காவிட்டால் நான் நான்காம் செமஸ்டரிலேயே நின்றிருப்பேன். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் பதிவு எப்படி இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் யாரும் ஒரு மாணவனாக உட்கார்ந்து கேட்டதில்லை என்று நினைக்கிறேன். மேசையில் மடிக்கணினி இருக்கும். ஆசிரியர் அதன் அருகில் நிற்கும்வரை குரல் தெளிவாக வரும். கரும்பலகைக்குப் போய்த் திரும்பி நின்று எழுதத் தொடங்கியதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல் ஆகிவிடும், மின்விசிறியின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். சரியாக எந்த இடத்தில் கணக்கு கடினமாகிறதோ அந்த இடத்தில்தான் ஆசிரியர் பலகைக்குப் போகிறார்.

அதைவிட வருத்தமானது இன்னொன்று. வகுப்பில் யாரோ ஒருவர் கேள்வி கேட்பார். அது எங்களுக்குக் கேட்காது. சில நொடிகள் அமைதி. பிறகு ஆசிரியர், "ஆமாம், நல்ல கேள்வி, ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் சமன் ஆகாது, புரிகிறதா?" என்பார். என்ன கேள்வி, எப்படிச் செய்தால், எந்தப் பக்கம் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுத் திருமணத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது போல இருக்கும். ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு கேள்வியையும் தம் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்வார். அவர் பாடத்தில் எனக்கு அரியர் இல்லை. அதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் எங்களையும் வகுப்பில் இருப்பவர்களாக நினைக்கிறார் என்ற எண்ணமே என்னைப் பதிவைக் கடைசிவரை பார்க்க வைத்தது.

டேட்டாவைப் பற்றியும் ஒரு சொல். கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது என்று என் அண்ணன் சொல்லுவார். எங்களுக்கு அது இல்லை. ஒரு மணி நேரப் பாடம் 600 எம்பி அளவில் ஏற்றப்பட்டால், இரண்டு பாடங்களில் அன்றைய டேட்டா ஏறக்குறைய தீர்ந்துவிடும். ஒலியை மட்டும் தனிக் கோப்பாகக் கொடுத்தால் அதே ஒரு மணி நேரம் 30 எம்பிக்குள் அடங்கிவிடும். பலகையில் எழுதியதைப் புகைப்படம் எடுத்து அதனுடன் இணைத்தால் போதும். ரயிலில் நின்றுகொண்டே கேட்டுவிடலாம்.

மறுமொழி: பொறியியல் கல்லூரி ஆசிரியர், ராஜீவ் காந்தி சாலை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மேலே எழுதிய தம்பியின் சொற்கள் ஒவ்வொன்றும் உண்மை. நான் மூன்று ஆண்டுகளாக இந்த முறையில் நடத்தி வருகிறேன். முதல் ஆண்டில் அவர் சொல்லும் எல்லாத் தவறுகளையும் செய்தேன்.

முதலில் ஒரு தெளிவு தேவை. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது நாம் செய்தது வேறு. அப்போது எல்லோரும் இணையத்தில் இருந்தோம், எனவே ஆசிரியரின் கவனம் ஒரே இடத்தில் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் முன்வைத்த கலப்பு முறை இன்னொரு வகை. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்றது அது. எந்தப் பகுதி நேரில், எந்தப் பகுதி இணையத்தில் என்பதை அங்கே கல்லூரிதான் முடிவு செய்கிறது. நீங்கள் செய்தது மூன்றாவது வகை. வகுப்புக்கு வகுப்பு மாணவரே முடிவு செய்யும் இந்த வகைக்கு ஹைஃப்ளெக்ஸ் என்று பெயர். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி என்னும் பேராசிரியர் இதை 2000-களின் நடுப்பகுதியில், அதாவது கொரோனாவுக்கு நெடுங்காலம் முன்பே, உருவாக்கினார். வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்க வந்தவர்களை மனத்தில் வைத்து உருவான முறை அது. அவர் வைத்த அடிப்படைகளில் மாணவரின் விருப்பம் ஒன்று. ஆனால் அதற்கு இணையாக இன்னொன்றையும் வைத்தார்: எந்த வழியில் வந்தாலும் கற்றலின் பயன் சமமாக இருக்க வேண்டும். நம் ஊரில் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். முதுகலை மாணவர்களுக்கென வகுத்த ஒன்றைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுப்பதில் உள்ள வேறுபாட்டையும் யாரும் போதிய அளவு பேசவில்லை.

என் அனுபவத்தில் பயன் தந்தவற்றைச் சொல்கிறேன். கரும்பலகையைக் கைவிட்டேன். மேசைமேல் ஒரு விஷுவலைசரை வைத்து, அதன் கேமராவுக்குக் கீழே வெள்ளைத் தாளில் எழுதுகிறேன். வகுப்பில் இருப்பவர்களுக்கு அது திரையில் தெரிகிறது, இணையத்தில் இருப்பவர்களுக்கும் அதே தாள்தான் தெரிகிறது. என் முதுகு யாருக்கும் தெரிவதில்லை. சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்றை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன், குரல் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. கல்லூரி வாங்கித் தரும் என்று ஓராண்டு காத்திருந்ததுதான் நான் செய்த தவறு.

ஒவ்வொரு வகுப்பிலும் நேரில் வந்திருக்கும் ஒரு மாணவர் முறை வைத்து இணைய நண்பர்களுக்குப் பொறுப்பேற்பார். அவர் அரட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, அங்கே கேள்வி வந்தால் எழுந்து நின்று உரக்கப் படிப்பார். இணையத்தில் இருப்பவர்களுக்கு என் குரல் சில நொடிகள் தாமதமாகப் போய்ச் சேர்கிறது, பிறகு அவர்கள் தட்டச்சு செய்யவும் நேரம் வேண்டும். நான் கேள்வி கேட்டவுடன் முன்வரிசையில் இருப்பவர் பதில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே கேள்வி கேட்டதும் முதல் பதிலை இணையத்திலிருந்துதான் வாங்குவேன், அதுவரை வகுப்பறை அமைதியாக இருக்க வேண்டும் என்று விதித்தேன். முதல் இரண்டு வாரங்கள் அந்த அமைதியைத் தாங்குவது மிகக் கடினமாக இருந்தது.

இனி ஆசிரியர் பக்கம். ஒரு மணி நேர வகுப்புக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதலாகச் செலவாகிறது. பதிவை வெட்டி ஏற்றுவது, விடைகளைப் பார்ப்பது, இரவு பதினோரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் ஐயங்களுக்குப் பதில் சொல்வது எதுவுமே பணிச்சுமைக் கணக்கில் வருவதில்லை. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் என்று கால அட்டவணையில் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது. அடுத்த வாரக் கூட்டத்தில் முடிவு எதுவானாலும் இதைப் பேசாமல் வந்துவிடாதீர்கள். களைத்துப்போன ஆசிரியர் முதலில் கைவிடுவது இணையத்தில் இருக்கும் மாணவரைத்தான், ஏனெனில் அவர் கண்ணெதிரே இல்லை. இதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு இது காப்பாக இருக்கும் என்று எங்கள் நிர்வாகம் பெரிதும் நம்பியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர், நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, அலைபேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. அந்த வாரம் எங்கள் மாணவர்களுக்கு உதவியது, முன்பே அச்சிட்டுக் கொடுத்திருந்த குறிப்புகள்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட அலகுக்கும் நான்கு பக்கத் தாள் குறிப்பு கொடுப்பதை நான் நிறுத்தியதில்லை.

மறுமொழி: இரண்டாம் ஆண்டு மாணவி, வியாசர்பாடி

மேலே எல்லோரும் மைக், டேட்டா, கேமரா பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் மேடம் தலைப்பில் கேட்டது முடிவை மாணவரிடம் விடலாமா என்பதை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் இந்த முறை வந்ததைச் சொன்ன அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றால் எதற்காக நீ தினமும் போய் வர வேண்டும்?" என்பதுதான். அவர் கெட்டவர் இல்லை. மாலையில் நான் வீடு திரும்ப ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும், அதுவரை அவருக்கு நிம்மதி இருக்காது. பயணச் செலவும் காரணம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் எனக்கு வருகிறது. ஆனாலும் அந்த வாரத்திலிருந்து நான் வீட்டிலிருந்து படிப்பவள் ஆனேன். கூகுள் படிவத்தில் "இணையவழி" என்ற வட்டத்தைத் தொட்டது என் விரல்தான், ஆனால் அந்த முடிவை எடுத்தது நான் இல்லை.

எங்களுடையது ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வீடு. பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். இணைப்பில் இருந்துகொண்டே காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு குடங்களைத் தூக்கியிருக்கிறேன். பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், பள்ளியிலிருந்து வரும் தம்பிக்குக் கதவு திறக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பெண் வேலையில்லாமல் இருக்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும், காதில் வகுப்பு ஓடிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கல்லூரியின் வருகைப்பதிவில் மட்டும் எனக்கு நூறு விழுக்காடு.

நான் இழந்தவற்றில் பாடம் சிறிய பகுதிதான். இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து, என் தோழி கணக்கைத் தன் நோட்டிலிருந்து எனக்கு விளக்குவாள். எனக்குப் புரியவில்லை என்பதை ஆசிரியரிடம் சொல்ல வெட்கமாக இருக்கும், அவளிடம் இருக்காது. நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி உண்டு, அங்கே ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட இடம் அது ஒன்றுதான்.

மூன்றாம் செமஸ்டரில் எங்கள் துறைத்தலைவர் செவ்வாய், வியாழன் ஆகிய இரண்டு நாட்களுக்கு நேரில் வருவதைக் கட்டாயமாக்கி, பெற்றோர் பெயருக்குக் கடிதம் அனுப்பினார். வகுப்பில் பலர் முணுமுணுத்தார்கள். நான் அந்தக் கடிதத்தை வீட்டில் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் புடவைக்கடைப் பை ஒன்றில் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. கட்டாயம் என்று கல்லூரி சொன்னதால்தான் என்னால் வீட்டைவிட்டு வெளியே வர முடிந்தது. உங்கள் வகுப்பில் பத்தாம் வாரத்தில் நேரில் வராத 41 பேரில் எத்தனை பேர் உண்மையிலேயே தாமாக அப்படி முடிவு செய்தார்கள் என்பதைத் தயவுசெய்து தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் மேடம். படிவத்தில் கேட்காதீர்கள், அதை வீட்டில் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

மறுமொழி: தரவு அறிவியல் மாணவர், மேற்கு மாம்பலம்

நான் ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் இருக்கிறேன். ஆசிரியை அவர்களின் கவனத்துக்கு ஒன்றே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்களுக்கு வருவது வகுப்பறையின் பதிவு அன்று. கேமராவைப் பார்த்தே பேசித் தயாரித்த சிறு சிறு காணொலிகள் அவை. ஒவ்வொரு வாரமும் ஒப்படைப்பு உண்டு, அதற்குக் கெடுவும் உண்டு. குவிஸும் இறுதித் தேர்வும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். இதற்கு நெடுநாள் முன்பே, 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்னும் ஐஐடிகளின் இணையப் பாடங்களிலும் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வை நேரில்தான் எழுத வேண்டும். நெகிழ்ச்சி கேட்பதில் இருக்கிறது, சோதிப்பதில் இல்லை. உங்கள் ஐந்து கேள்விகளை வீட்டில் நண்பரிடம் கேட்டு எழுதிவிட முடியும் என்றால், 18.90 தேர்வுநாள் வரை யார் கண்ணிலும் படாது.

மறுமொழி: அரசுப் பள்ளி ஆசிரியை, திருவொற்றியூர்

பள்ளியிலும் இதே கதைதான். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிய காலத்தில் பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுழற்சி முறையில் பள்ளி திறந்தபோது, அரை வகுப்புதான் வந்திருந்தது என்றாலும் முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்தது, யாருக்கு எது வரவில்லை என்று. வியாசர்பாடித் தங்கை எழுதியதைப் படித்து நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருத் தெருவாகப் போய் மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்தார்களே, அது ஏன் தேவைப்பட்டது என்பதை அவர் எழுத்து எனக்கு மறுபடியும் உணர்த்தியது. பிள்ளைக்குப் பாடம் கையில் இருந்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் நேரமும் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்: வணிகவியல் ஆசிரியை, சைதாப்பேட்டை

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக இந்த மறுமொழிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இடையில் இரண்டு வேலைகளைச் செய்தேன், அவற்றைச் சொல்லிவிட்டு முடிவைச் சொல்கிறேன்.

வியாசர்பாடி மாணவி சொன்னபடி, நேரில் வருவதை நிறுத்திய பிள்ளைகளை ஒவ்வொருவராக அலைபேசியில் அழைத்துப் பேசினேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் எது என்று முதலில் குறுஞ்செய்தியில் கேட்டுக்கொண்டேன். இருபத்து மூன்று பேரிடம் பேசி முடித்திருக்கிறேன். வேலை நேரம் காரணம் என்று நான் நினைத்திருந்த பலருக்கு அதுதான் காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் ஆறு பெண்கள், வீட்டில் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார்கள். ஒரு மாணவர், நேரில் வராமலும் படிக்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு கடை முதலாளி பிற்பகலிலும் நிற்கச் சொல்லிவிட்டார் என்றார். அதாவது, "கல்லூரிதான் வரச் சொல்லவில்லையே, மொபைலில் பார்த்துக்கொள்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். யாரிடமும் காரணம் கேட்க மாட்டோம் என்று நாங்கள் மரியாதையாக நினைத்துச் செய்தது, அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்க ஆளில்லாத நிலையாக ஆகியிருக்கிறது. இதை நான் துறைக் கூட்டத்தில் என் தவறு என்றே சொல்லப்போகிறேன்.

என் முடிவு இது. வாரத்தில் இரண்டு நாள் நேரில் வருவது கட்டாயம் என்று கேட்பேன், கடிதம் கல்லூரித் தாளில் முத்திரையுடன் வீட்டுக்கும், வேலை பார்க்கும் இடம் கேட்டால் அங்கும் போகும். கணக்குப் போடும் பாடங்கள் அந்த இரண்டு நாளில்தான் நடக்கும். மற்ற மூன்று நாளும் பழையபடி அவரவர் விருப்பம். ஆவடித் தம்பியைப் போன்ற இரவுப் பணிக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளும் கடைசிப் பாடவேளைகளில் அமையும்படி அட்டவணையை மாற்ற முயல்வேன். வாராந்திர ஐந்து கேள்விகளை இனி நேரில் வரும் நாளில், பத்து நிமிடத்தில், தாளில் எழுத வைப்பேன். பணிச்சுமைக் கணக்கையும் எழுத்தில் கேட்பேன். கிடைக்குமா என்பது வேறு, கேட்காமல் வர மாட்டேன்.

இரண்டாவது வேலை, என் சொந்தப் பதிவை ஒரு மாணவரைப் போலக் கேட்டுப் பார்த்தது. காணொலியிலிருந்து ஒலியைத் தனியாகப் பிரித்து அலைபேசியில் ஏற்றிக்கொண்டு, நேற்று மாலை கல்லூரியிலிருந்து பேருந்தில் நின்றபடியே கேட்டேன். அந்தச் செயல்முறைக் கணக்குப் பாடம்தான். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் என் குரல் இப்படிச் சொல்கிறது: "இங்கே பாருங்கள், இது இங்கிருந்து போய்விடுகிறது, அப்போது மிச்சம் இருப்பதை இதனால் வகுக்க வேண்டும், சரியா?" வகுப்பில் யாரோ "சரி மேடம்" என்கிறார்கள். எது போய்விடுகிறது, எதை எதனால் வகுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பலகையில் என் விரல் 900-ஐயும் 100-ஐயும் தொட்டிருக்கும், அதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கேட்டவர்களுக்கு 1,000 என்ற எண் மட்டும்தான் அந்த நிமிடத்தில் காதில் விழுந்திருக்கிறது. ஆகவே அதனால் வகுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அந்தப் பகுதியை மட்டும், ஒவ்வொரு எண்ணையும் பெயர் சொல்லி, பன்னிரண்டு நிமிடத்தில் மறுபடியும் பதிவு செய்யப் போகிறேன். ஆவடித் தம்பி விரும்பினால் ஒலிக்கோப்பை இங்கேயே இணைக்கிறேன். ரயிலில் கேட்டுவிட்டு, விடை எத்தனை ரூபாய் வந்தது என்று மட்டும் எழுதுங்கள்.